திருத்தாமல் விட்ட பதில்

மட்டாஞ்சேரி,
சஷ்டி விரதம் இரண்டாம் நாள், மாலை.

அன்புள்ள செல்வலட்சுமிக்கு,

டீச்சர் விஷ்ணுப்ரியா எழுதுவது. உன் போனும் அம்மா போனும் அணைந்து கிடக்கின்றன. விரதம் முடியும்வரை தொடமாட்டீர்களாம். திருச்செந்தூரில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் பச்சை உடுத்தி நிற்கும் கூட்டத்தில் உன்னை எங்கே என்று தேடுவார்கள்? நீங்கள் தங்கும் இடம் உன் அப்பாவுக்குத்தான் தெரியும். இந்தக் கடிதத்தைக் கொடுத்து அவரையே வைட்டிலாவில் பஸ் ஏற்றி அனுப்புகிறேன்.

போன வாரம் உன்னைப் பேட்டி எடுத்தேன் அல்லவா? பயாலஜி படிக்கும் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. நடுவில் திருத்தினால் யோசனை கலைந்துவிடும் என்று, தப்பாகச் சொன்னாலும் நான் வாயைத் திறப்பதில்லை. சாப்பிட்டால்தானே ரத்தத்தில் சர்க்கரை ஏறும், பட்டினி கிடப்பவருக்கு இன்சுலின் எதற்கு என்று நீ கேட்டாய். நான் தலையாட்டினேன். தப்பான யோசனைக்கு நல்ல உதாரணம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

இன்று அந்தப் பேட்டியின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போதுதான், கிளம்புகையில் நீ சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. சஷ்டிக்கு ஆறு நாளும் உனக்கு ஊசியிலிருந்து லீவு என்றாய். உனக்குச் சர்க்கரை வியாதி என்றே எனக்குத் தெரியாது. கொச்சங்காடியில் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். மருந்து அத்தனையும் அங்கேயே இருந்தது. டீச்சரே மறுக்கவில்லை, அதனால் சரிதான் என்று நீ அம்மாவைச் சமாதானப்படுத்தினாயாம். அதைக் கேட்டதும் அப்பாவைக் கிளம்பச் சொல்லிவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

நீ சொன்னது தப்பு, மோளே. பட்டினி கிடந்தாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு எது வந்தாலும் விரதக் களைப்பு என்று படுத்துவிடாதே. எதுவும் வராவிட்டாலும் அப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மருந்தை ஐஸ் போட்ட பையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், டாக்டரிடம் காட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயந்ததே இல்லை.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் அம்மாவே வாசிக்கட்டும். அம்மா, விரதம் கலைந்த பாவம் என் தலையில் விழட்டும். முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், மிச்சத்தைப் போகும் வழியில் வாசிக்கலாம். முருகா, இந்த அம்மா வாசிப்பதை அவள் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாயைத் திறக்காமல் இருந்துவிட்ட உன் டீச்சர்,
விஷ்ணுப்ரியா