திருக்கடையூருக்கு நான் ஏன் வரவில்லை

என் வசந்தாவுக்கு,

என் உடம்பைப் பற்றி என்னைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். எடுத்தவன் நம் மகன் குமரன். எடுக்கவிட்டவர் தஞ்சாவூர் டாக்டர். தண்டனையை அனுபவித்தவள் நீ. ஏன் என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாய்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால்தான் இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். குழாயைக் கழற்றிய பிறகு சில மாதம் சிறுநீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகம் சுளிக்காமல் என் வேட்டிகளை அலசிப் போட்டாய். சொட்டுவது நின்றது. மற்றது, ஆண்மை, திரும்பவே இல்லை. ஆபரேஷனால் இப்படி ஆகலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானே தீர்ந்துபோனேன் என்று நினைத்துக்கொண்டு, கட்டிலை நெல் மூட்டை அடுக்கும் அறைக்கு மாற்றினேன். தலையணையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாய்.

"என்னங்க, என் மேல ஏதும் கோவமா?"

"வயசாகல? போயி வேலையப் பாரு."

அவ்வளவுதான் சொன்னேன்.

அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் ஒரு குறையா என்று இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நடவு முடிந்து வந்தால் உன் முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்ப்பேன். "கை முழங்காலோட நிக்காதே உங்களுக்கு" என்று கேலி செய்வாய். நமக்கு அது இருந்தது. அது போதும், இனி வேண்டாம் என்று சொல்ல மூன்றாவது ஆள் யார்?

எனக்கு எழுபது தொடங்கியதும் குமரன் திருக்கடையூரில் சாந்திக் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்தான். உனக்கு நான் மறுபடி தாலி கட்ட வேண்டும். கட்டிய கையோடு வீட்டுக்கு வந்து தனி அறைக்குப் போகிறவன் எந்த முகத்தோடு கட்டுவான்? வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள், வாய் திறக்கவில்லை. அதற்காக எடுத்த அரக்குப் புடவையை பீரோவில் வைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "ஒரு தடவ கட்டினதே போதும்னு ஆயிடுச்சு போல."

எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து நீ போனபோது, அந்தப் புடவையைத்தான் உனக்குக் கட்டி அனுப்பினோம்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். உர மூட்டையிலும் பம்ப்செட் தாளிலும் எழுத்துக்கூட்டி நான் கற்ற இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். விளைவுகள் மகனிடம் விளக்கப்பட்டன, ஆண்மைக்கான நரம்பைக் காக்கும் முயற்சி வேண்டாம் என்றார், என்று எழுதியிருந்தது. கீழே குமரனின் கையெழுத்து.

அவன் ஊருக்கு வந்ததும் அந்தத் தாளை நீட்டினேன்.

"டாக்டர் கேட்டாருப்பா. இந்த வயசுல அப்பாவுக்கு அதெல்லாம் எதுக்குன்னு நெனச்சுட்டேன். உங்ககிட்ட எப்படிப்பா இதப் பேசுறது?"

"மோட்டாரக் கழட்டுறதுன்னாகூட சொந்தக்காரனக் கேட்டுத்தானடா கழட்டுவான்?"

நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. நரம்பைக் காத்திருந்தாலும் எல்லாம் திரும்பியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லையாம். மாத்திரை, ஊசி என்று வழிகள் உண்டாம். கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே நமக்கு இல்லாமல் போனது. ஆனால் குமரன் மறைத்தது ஒன்று, நான் மறைத்தது இன்னொன்று. இரண்டாவதை அவன் தலையில் போட முடியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய், வசந்தா?

உன் தம்பி சம்பந்தத்துக்கும் இப்போது இதே நோய். அடுத்த மாதம் ஆபரேஷன். குத்தாலம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க பண்ணிக்கிட்டு ஜம்முன்னு இருக்கீங்க மாமா, எனக்கென்ன பயம்?"

"ஜம்முன்னு எல்லாம் இல்ல மாப்ளே."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீயைக் குடிக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"என்கிட்ட அழுதுச்சு. மாமாவுக்கு என்னப் புடிக்காமப் போயிடுச்சுடான்னு."

அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப முடிவு செய்தேன்.

இனி நடக்க வேண்டியவை இவை. டாக்டர் நோயாளியிடம் பேச வேண்டும், தமிழில், எழுபது வயதானாலும். போவது என்ன, காக்க முடிவது என்ன, பிறகு என்ன வைத்தியம் உண்டு என்று வெட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சம்பந்தம் தன் மனைவி லலிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். லலிதா வெட்கப்படாமல் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். குமரன் உன் படத்துக்கு முன் நின்று தான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நான் அவர்களோடு தஞ்சாவூருக்குப் போவேன். அவர்கள் இருவரும் கேட்டு முடிக்கும்வரை டாக்டர் அறைக் கதவை விட்டு நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்கு முன் என் கட்டிலை நம் அறைக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். அது என் வேலை, இன்றைக்கே.

உன்னைப் பிடிக்காமல் போகாத,
உன் வீட்டுக்காரன்