மாறும் ஸ்டேஷனில் ஒரு கை

நவம்பர் 3, திங்கள்

தூறல். குடை கொண்டுபோகவில்லை. வெள்ளைத் தடிக்கு ஒரு கை, குடைக்கு ஒரு கை என்றால் கம்பி பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது.

இன்று முதல் நாள். மகள் மதுராவோடு சண்டை பிடித்து வாங்கியது: இரண்டு கிழமை, பத்து வேலைநாள், நான் தனியாக வேலைக்குப் போய் வருவேன். ஒரு பிசகும் இல்லையென்றால் அவள் வாய் திறக்கமாட்டாள். பிசகினால் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு வெளியே, மில்டன் கீன்ஸில், அவள் வீட்டு மேல் அறை. பாசத்தில்தான் சொல்கிறாள். அந்த அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

(மதுராவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்தக் குறிப்புக் கொப்பி பத்திரம். தடித்த பேனா, பக்கத்துக்குப் பத்து வரி.)

பாதை:
– கோலியர்ஸ் வுட். ஸ்டேஷனில் வேலை செய்யும் கிரேஸ் என்னை ரயிலில் ஏற்றிவிட்டு, எந்தப் பெட்டி என்று அடுத்த இடத்துக்குப் போனில் சொல்வாள்.
– மா.ஸ். (மாறும் ஸ்டேஷன்). அங்கே ஒருவர் கதவடியில் நின்று என்னை மற்ற லைனுக்குக் கூட்டிப்போவார். முப்பத்தொரு படி.
– அப்டன் பார்க். அந்த ஸ்டேஷன் வேலையாள் சிங் வாசல் வரை. நான் போனுக்குப் பதில் சொல்லும் வக்கீல் அலுவலகம் நாலு கடை தள்ளி.

மா.ஸ்.ஸில் கதவு திறந்ததும், "வாங்கோ அக்கா." தமிழ்! பொட்டைப் பார்த்திருப்பார். என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, தன் முழங்கையைத் தந்தார். பழகிய ஆள். முகம் தெரியவில்லை, எனக்கு யாருடைய முகமும்தான் தெரிவதில்லை. நடுப்பார்வை போய் ஒன்றரை வருடம், ஓரங்கள் மட்டும் மிச்சம். அவருடைய காலில் மண்ணிறச் சப்பாத்து தெரிந்தது.

பால் முடிந்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். நாலாம் பெட்டியில் சனம். கிரேஸ் ஆறாம் பெட்டியில் தள்ளிவிட்டாள். போனில் நாலு என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. கதவு திறந்தது.

"வாங்கோ அக்கா."

ஆறாம் பெட்டி வாசலில் அதே ஆள். கெட்டிக்காரன்.

அலுவலகத்தில் போன் ஓயவில்லை. விசா, விவாகரத்து, விசா. வேலை முடிந்து கிரீன் ஸ்ட்ரீட்டில் கறிவேப்பிலை, வெண்டிக்காய் (முற்றல், ஏமாற்றிவிட்டான்). பின்னேரம் திரும்பும்போது வக்கீலம்மா காரில் கோலியர்ஸ் வுட் வரை. அது பெரிய உதவி. காலைப் பயணம்தான் என் சோதனை.

நவம்பர் 5, புதன்

பெயர் கேட்டேன். "பேர் என்னத்துக்கு அக்கா. கை இருக்குத்தானே."

பதில் பிடிக்கவில்லை. ஆனால் கை நல்ல கை. சனத்துக்குள் ஒருவரும் என்மேல் முட்டவில்லை.

ஒன்று உறுத்துகிறது. போனில் இரண்டு சொல் பேசினால் போதும், யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மதுரையா, கோலாலம்பூரா என்று நான் சொல்லிவிடுவேன். இவருடைய ஊர் பிடிபடவில்லை. நாற்பது வயதுக் குரல். அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

மழை. நன்றிக்கு நாலு வடை சுட்டுக் கொண்டுபோனேன். நீட்டினேன்.

"கை காலியில்லை அக்கா."

"ஒரு கைதானே நான் பிடிச்சிருக்கிறன். மற்றக் கையில என்ன?"

"இன்னொராள்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அப்போது அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். பெண் இருமல், சின்னதாக, தொண்டை அடைத்தவள்போல.

நாலு நாளாக அங்கே ஒருத்தி நடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. குட் மோர்னிங் சொன்னேன். பதில் இல்லை.

வடையைச் சிங் சாப்பிட்டார். உப்புக் குறைவாம்.

நவம்பர் 7, வெள்ளி

சிங் வடைக் கதையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மா.ஸ்.ஸில் உனக்கு யார் உதவி, அங்கேதான் ஆளே இல்லையே என்றார். கிரேஸ் நேரே தனக்கு அழைப்பதால்தான் தான் கீழே வந்து நிற்கிறாராம்.

அலுவலகத்திலிருந்து ரயில் உதவிப் பிரிவுக்கு அழைத்தேன். ஒரு பெண் மிகவும் வருந்தினாள். ஆள் பற்றாக்குறை. இந்தக் கிழமை முழுவதும் செய்தி வந்தது, அனுப்ப ஒருவரும் இருக்கவில்லை. நீங்கள் எப்படி மாறினீர்கள் என்று கேட்டாள்.

தனியாக மாறினேன் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் முறைப்பாடு, விசாரணை என்று எழுதுவார்கள், மதுராவுக்குப் போகும், அம்மாவுக்கு இப்போது மூளையும் போய்விட்டது என்பாள். மேல் அறை.

வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரஞ்சு நிற மேலங்கி போட்டிருப்பார்கள். அந்த நிறம் என் கண் ஓரத்திலும் பளிச்சென்று தெரியும். இவரிடம் அது இல்லை. இப்போதுதான் யோசிக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. துணி தோய்த்தேன்.

இன்று படியில் காதைக் கூர்மையாக வைத்தேன். என் காலடி. அந்தப் பக்கம் இன்னொரு காலடி, தேய்த்து நடப்பது, அதோடு ஒரு தடியின் தட்டல். நடுவில் சப்பாத்துப் போட்டவர் நடக்கிறார். சத்தம் இல்லை.

நவம்பர் 12, புதன்

நேற்று எழுதவில்லை. அதே கைதான்.

இன்று அப்டன் பார்க்கில் சிங்குக்குப் பக்கத்தில் மதுரா! லீவு போட்டுவிட்டு, கோலியர்ஸ் வுட்டிலிருந்து எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கள்ளி. மத்தியானம் தோசைக் கடைக்குக் கூட்டிப்போனாள். திட்டப்போகிறாள் என்று இருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா, ஐ ஆம் சொறி. நான் உங்களை நம்பேல்ல. நீங்கள் தனியப் போறது மட்டுமில்லை, அந்த அன்ரியையும் எல்லோ கூட்டிக்கொண்டு போனீங்கள்."

எந்த அன்ரி என்றேன்.

"வெள்ளைத் தடியோட, கிரே கார்டிகன். ஆனா ஏனம்மா நடுவில அவ்வளவு இடம் விட்டு நடந்தனீங்கள்? ஒராள் நடக்கிற அளவு. அவ்வளவு ரஷ்ஷில ஒருத்தரும் அதுக்குள்ள வரேல்ல. வியர்டா இருந்தது."

பிறகு அவ எங்கே போனா என்று கேட்டேன். குரலை ஒரு மாதிரிச் சமாளித்தேன்.

"நீங்கள் ஏறினீங்கள், அவ ஏறேல்ல. பிளாட்ஃபோம் முடியிற பக்கம் நடந்து போனா."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. சுவர்."

மில்டன் கீன்ஸ் பேச்சு இனி இல்லையாம். நான் வென்றுவிட்டேன். சந்தோஷப்படவேண்டிய நாள். தோசையில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

காற்று. முடிவெடுத்துப் போனேன். கதவு திறந்தது. வாங்கோ அக்கா.

"இண்டைக்கு நான் தனியப் போறன், தம்பி."

"ஓம் அக்கா."

தடியைத் தட்டிக்கொண்டு புறப்பட்டேன். யாரோ தோளில் இடித்தார்கள். இன்னொருவருடைய பயணப் பெட்டி காலில் ஏறியது. திரும்பியதில் திசை போய்விட்டது. சப்பாத்துக்கடியில் புள்ளி புள்ளியான தரை ஓடு. அது பிளாட்ஃபார விளிம்பு. எந்தப் பக்கம் தண்டவாளம் என்று தெரியவில்லை. ரயில் வருவதற்கு முன் வரும் அந்தக் காற்று முகத்தில் அடித்தது. ஐம்பத்தாறு வயதில் அம்மா என்று கூப்பிட்டேன்.

கையை நீட்டினேன். முழங்கை அங்கேயே இருந்தது.

நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

மப்பு வானம். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் பிந்திப் போனேன். முதல் தடவை. ரயில் பிழை என்று சொன்னேன். ரயில் பிழை இல்லை.

மா.ஸ்.ஸில் இறங்கியதும், "இண்டைக்கு இந்தப் பக்கம் வாங்கோ அக்கா" என்று மற்றக் கையைத் தந்தார்.

"மற்றவ?"

"அவ போய்ட்டா."

அப்போது நான் வழக்கமாக நடக்கும் பக்கத்தில் ஷாம்பூ வாசம். தடியின் தட்டல், இன்னும் பழகாத தட்டல். இளம் குரல், சென்னைப் பக்கம்.

"அண்ணா, இந்த பேக்கைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

"கை காலியில்லை தங்கச்சி."

"ஏன், அந்தக் கையில என்ன?"

"இன்னொராள்."

அவள் சிரித்தாள். நான் சிரித்த அதே சிரிப்பு. என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கையை விடு பிள்ளை என்று சொல்லவும் நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. இருமல் மட்டும் வந்தது.

குட் மோர்னிங் என்றாள் அவள்.

முப்பத்தொரு படி. அவளை ஏற்றினார். கதவு மூடி ரயில் போனது. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பிளாட்ஃபாரம் முடியும் பக்கம் நடந்தார். சனச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குளிர். கண் ஓரத்தில் சுவர் தெரிந்தது. நின்றார். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"இண்டைக்கில்லை அக்கா" என்றார். திருப்பிக் கூட்டிவந்து ரயிலில் ஏற்றினார்.

கத்தியிருக்கலாம். கையை விட்டிருக்கலாம். விட்டால் அந்த விளிம்பில் மறுபடி தனியாக நிற்கவேண்டும். விடவில்லை.

மதுரா எனக்குப் போன் எடுத்தாள். இரண்டு கிழமை முடிந்தது, பெருமையாக இருக்கிறது என்றாள்.

பின்னேரம் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசலில் காரிலிருந்து இறங்கியபோது கிரேஸ் கண்டுவிட்டாள். திங்கள் காலையும் வழக்கமான நேரம்தானே என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.