கடைசிப் பதினாறு பக்கங்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். ஏழு பேர் படுக்கிற சிறை அறையில் புரண்டு படுக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கடிதத்தை அதிகாரி படித்த பிறகே அனுப்புவார். பார்த்து எழுது.

இங்கே ஒரு தடி நாவல் கிடைத்தது. நாட்டின் தலைமைப் பதவிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் காரை ஏற்றி ஓர் ஆளைக் கொன்றுவிட, பழியை அவருடைய டிரைவர் ஏற்று உள்ளே போகிறான். "ஜெயிச்ச மறுநாளே உன்னை வெளிய எடுக்கறேன்" என்கிறார். அவனை அவர் கூப்பிடுவதே "டேய் வண்டி" என்றுதான். நம் தலைவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைசிப் பதினாறு பக்கங்களை எவனோ கிழித்துவிட்டான், பாவி. எப்படியாவது தேடிப் படித்து எழுது. 28ஆம் தேதி நீதிபதி முன் நிற்பதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். விபத்தன்று தலைவர் வண்டியை ஓட்டியது நான்தான் என்று சொன்னது சொன்னதுதான், அதைக் கிளறாதே.

இப்படிக்கு,
வண்டி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

புரண்டு படுக்க அனுமதியா! சிரித்தேன், அப்புறம் அழுதேன். தையல் கடையில் இன்று இரண்டு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

நாலு நூலகம் ஏறி இறங்கிப் புத்தகத்தைப் பிடித்துவிட்டேன். தலைவர் ஜெயிக்கிறார். கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் சிறை வாசலுக்கு வந்து டிரைவரின் கையைப் பிடித்து, "வா தம்பி, சாப்பிட்டியா?" என்கிறார். போதுமா? இனியாவது ஒழுங்காகத் தூங்கு.

உன் அக்கா

மார்ச் 17

அக்கா,

பொய் சொல்லத் தெரியாதவள் ஏன் சொல்கிறாய்? அறுநூறு பக்கத்தில் அந்த மனுஷன் அவனை ஒரு தடவைகூடத் தம்பி என்றதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

கோபமில்லை. உள்ளதைச் சொல்.

வண்டி

மார்ச் 21

தம்பி,

மன்னித்துவிடு. நீ தூங்குவதே இல்லை என்று வக்கீல் சொன்னார், மனசு கேட்கவில்லை.

கடைசியில் இரண்டு பேரும் சமாதானமாகிப் பதவிகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பதினாறு பக்கத்தையும் மூன்று தடவை துழாவினேன். டிரைவர் வரவே இல்லை. இருக்கிறானா, செத்தானா, ஒரு வரி கிடையாது. எழுதியவரே மறந்துவிட்டாரோ என்னவோ.

நம் தலைவர் போன வாரம் பதவி ஏற்றார் இல்லையா, நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். "வண்டியோட அக்கா வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். காவலாள் உள்ளே போய்விட்டு வந்தார். "வண்டிக்கு வேற ஆள் போட்டாச்சு, வேண்டாம்னு ஐயா சொல்லிட்டாரும்மா" என்றார். அவருக்கு உன் முகமாவது நினைவிருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

இனி நீ எடுக்கிற முடிவு. எதுவானாலும் நான் இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

வக்கீலை உடனே வரச் சொல். 28ஆம் தேதி நான் பேசப் போகிறேன்.

அதிகாரி ஐயா, இதை நீங்களும் படிப்பீர்கள். நிதானமாகப் படியுங்கள். அன்று வண்டியை ஓட்டியது தலைவர். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். தயவுசெய்து இந்தப் பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள்.

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இதைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுகிறேன்.

உன் தம்பி