கெண்டை மீனும் ஊதக்காற்றும்

டிசம்பர் 9
ஃபிரிட்ஜின் மேல்பகுதியில் பின்சுவர் முழுக்க ஐஸ். கீழே பால் திரிந்துவிட்டது. தானே பனியை உருக்கிக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பத்தொன்பதாம் தேதி எங்கள் குடும்பக் காவல் புனிதர் நிகோலாவின் திருநாள் விருந்து. விருந்துக்கான கெண்டை மீனை எங்கே வைப்பது? பால்கனியில் வைக்கலாமென்றால் இந்த வருடம் குளிர் ஏமாற்றிவிட்டது.

"அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சுக்கலாம்" என்றாள் என் மனைவி தெசாங்கா. மச்சான் விதோயே வீட்டிலா? ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவான். நானே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

டிசம்பர் 11
ஹேர் டிரையரால் ஐஸை உருக்கினேன். சமையலறையில் வெள்ளம். பிளாஸ்டிக் பின்பலகையும் ஒரு மூலையில் உருகிக் கோணிவிட்டது. உள்ளே பனியை உருக்கும் ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்தேன் — செத்திருந்தது. புதிது வாங்கி மாட்டினேன்.

டிசம்பர் 13
ஓடுகிறது. பால் சில்லென்று இருக்கிறது. வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கழுத்தைத்தான் திருப்ப முடியவில்லை.

"திறந்த ஃபிரிட்ஜ் முன்னாடியே உக்காந்திருந்தா ஊதக்காத்து அடிக்காம என்ன பண்ணும்?" தெசாங்கா பிளம் சாராயத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள்.

டிசம்பர் 15
கீழே மறுபடி வெதுவெதுப்பு.

டிசம்பர் 16
சென்சார்தான் குற்றவாளி. யார் சொன்னது? நான்தான். மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு காரியமாவது உருப்படியா பண்ணியிருக்கேனா நான்?

தெசாங்கா அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் என்னைக் கூப்பிட்டு, "மீனோட நீயும் வந்துடு மாப்பிள்ளே, உள்ள இடம் இருக்கு" என்றான்.

டிசம்பர் 17
மீனைக் காரில் ஏற்றுமுன் கடைசியாக ஒருமுறை, குளிர்காற்று கீழே இறங்கும் துளைக்குள் விரலை விட்டேன். மெத்தென்று இருந்தது. இழுத்தேன். என்னுடைய கம்பளிக் காலுறை.

"நான்தான் அடைச்சேன்" என்றாள் தெசாங்கா. "அது வழியா உன் கழுத்து மேலயே ஊதிட்டிருந்துச்சு."

"ஃபிரிட்ஜுன்னா ஊதத்தானேம்மா செய்யும்?"

"ஊதட்டும். உன் கழுத்துல எதுக்கு ஊதணும்?"

அப்படியென்றால் ஹீட்டரை நான் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். கோபம் வந்தது, அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. மீன் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

டிசம்பர் 19
விருந்து. விதோயே எல்லோர் முன்னாலும் கேட்டான்: "சரி பண்ணினது மறுபடி ஏன் கெட்டுச்சு மாப்பிள்ளே? கைராசியா?"

இந்தக் குடும்பத்தில் முதல்முறையாக நியாயம் என் பக்கம் இருந்தது. தெசாங்கா கையில் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஒரு ஒயரைத் தப்பா மாட்டிட்டேன், மச்சான்."

அவன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தெசாங்கா மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். வீடு நிறைய ஆட்கள், அடுப்புச் சூடு, எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஊதக்காற்று புகுந்துவிடுமே என்று, ஜன்னலைத் திறக்கலாம் என ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.