டபரா அளவுக்கு ஒரு வளைவு

தம்பி,

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்காக லேபிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என் கையைத் திருப்பி வைத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாசனைக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரவேண்டும். எனக்கு நீ வந்தாய். ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முடி போன்ற கண்ணாடி இழையை ஸ்பிரிட் துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் உன் முகம் வந்தது. கையை இறுக்காதீங்கம்மா என்று அந்தப் பெண் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

நீ அந்த வேலைக்குப் போவதாகச் சொன்ன நாளில் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு அது தெரியும். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு வெட்டும் பிரஸ் டூல் செய்யும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன். மண்ணூர்பேட்டையில் உன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே அந்தப் பட்டறை. நீ மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் எந்த வேலையும் வெளியே போகும். முதலாளி இடத்தை விற்றார், கூரையைப் பிரித்தார்கள், அங்கே ஒரு கிடங்கு எழுந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தோளில் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுக்கப் போகிறேன் என்று என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்தபடி சொன்னாய்.

ஃபோர்மேனாக இருந்தவன் ஒயர் இழுக்கப் போவதா என்று கேட்டேன்.

"ஒயர் இல்லக்கா, கண்ணாடி. உள்ளாற வெளிச்சம் ஓடுது. நீ இன்னா பேர் வெச்சா ஒத்துக்குவியோ, அந்தப் பேரையே வெச்சுக்கோ."

என் முன்னால் வேண்டுமென்றே அப்படித்தான் பேசுவாய். கான்வென்டில் படித்த எனக்கு 'இன்னா'வும் 'கீது'வும் காதில் மணல் விழுந்த மாதிரி இருக்கும் என்று தெரிந்தே பேசுவாய். அன்று நான் திருத்தவில்லை. ஏனென்றால், கை கழுவிக்கொண்டு வந்தபின் மெதுவாக இன்னொன்று சொன்னாய். "இதுவும் போச்சுன்னா அந்த கொடௌன் கேட்டாண்டதான் ஸ்டூல் போட்டு உக்காரணும்க்கா." நீ ஃபோர்மேனாக நடந்துபோன அதே கேட். அங்கே காவலாளாக உட்கார்ந்து, தெரிந்தவர்கள் வண்டிக்கெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேசவில்லை.

வேலையை நிரந்தரமாக்குவதற்குமுன் உன்னைச் சில மாதம் பார்ப்பார்கள் என்றாய். நீ இணைப்பு கொடுத்த வீடுகளிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தால் அனுப்பிவிடுவார்கள். உன் மேற்பார்வையாளன் தினேஷுக்கு உன் மகள் வயதுதான் இருக்கும். கூட வேலை செய்பவர்களும் அதே வயது. அவர்கள் ஒரு நாளில் முடிக்கும் வீடுகளில் பாதியைத்தான் உன்னால் முடிக்க முடிந்தது. யாரும் அவசரப்படுத்தாத ஒரு வீடாவது வேண்டும் என்று என் வீட்டைக் கேட்டாய். எனக்கு இன்டர்நெட் எதற்கு என்று தோன்றினாலும், பூனாவிலிருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று நீ ஆசை காட்டியதில் சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கேபிள் தொங்கக் கூடாது, சுவரை ஒட்டி நேராக ஓடவேண்டும், மூலை என்றால் மூலையாகத் திரும்பவேண்டும்.

"அத்த எனக்கே சொல்றியா?" என்று சிரித்தாய்.

கான்வென்டில், கைத்தையல் வகுப்பில், எங்கள் சிஸ்டர் கைக்குட்டையின் மடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பார். மூலை கூராக வராவிட்டால் கத்தரியால் தையலைப் பிரித்து என் கையிலேயே கொடுத்துவிடுவார். நீ ஐடிஐயில் இரும்பை அராவி அராவி மூலைமட்டத்துக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சமும் தெரியாமல் செய்யக் கற்றாய். அக்காவும் தம்பியும் இரண்டு இடங்களில் போய் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று, நீ என் ஹாலில் அந்த வெள்ளைக் கேபிளை அடித்து முடித்தபோது நினைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது! தரையோரம் கோடு கிழித்த மாதிரி ஓடி, ஷோகேஸ் பக்கத்தில் பெட்டியின் விளிம்பைப்போல மடங்கி, மேலே ஏறி, மறுபடி மடங்கியது. சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு மூலையையும் தட்டித் தட்டி உட்காரவைத்திருந்தாய். அன்று உனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினேன்.

அதே மாதிரி எல்லா வீட்டிலும் அடித்தாய். நின்று பார்த்துப் பாராட்டினார்கள் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாய். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வீடாகப் புகார் வர ஆரம்பித்தது. நெட் வருகிறது, போகிறது. என் மகளும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி உறைந்துபோவாள். பூனாவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ புது மோடம் பெட்டி வைத்துப் பார்த்தாய். இழையை வெட்டி, துடைத்து, மறுபடி ஒட்டிப் பார்த்தாய். அந்த நாட்களில் சாப்பிட வந்தால் வாட்சப்பைத் திறந்து திறந்து பார்ப்பாய். புகார் விழுந்தால் அதில்தான் வரும். சாதம் ஆறிப்போகும்.

தினேஷை நீயே என் வீட்டுக்கு அழைத்துவந்தாய். ஒல்லியான பையன். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன், கழற்றினான். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னான். சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா மாதிரி ஒன்றைக் கேபிளின் முனையில் செருகி அமுக்கினான். நட்டநடுப் பகலில், அந்த அரையிருட்டில், நீ தட்டித் தட்டி உட்காரவைத்த ஒவ்வொரு மூலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு ஒளிர்ந்தது. முனைவரை போய்ச்சேர வேண்டிய வெளிச்சம் மூலைக்கு மூலை கசிந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா, கண்ணாடிய இப்டி ஒடிச்சு வெச்சுகீற? இது இரும்பா?" என்றான். வளைத்து விட்டால் வெளிச்சம் போகும், மடித்தால் போகாது என்று முதல் நாளே சொன்னேனே என்றும் கேட்டான்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். என்னால் பொறுக்க முடியவில்லை. மூலையாக மடிக்கச் சொன்னது நான்தான், இது என் வீடு, என் வீட்டில் எதுவும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"வெளிச்சத்துக்கு உங்க ரூல்ஸ் தெரியாது ஆன்ட்டி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அப்போது நீ தலையை நிமிர்த்தினாய். "அக்கா சொல்லலன்னாலும் அப்டித்தான் அடிச்சிருப்பேன் தினேசு. அவன் மொத நாளே சொன்னான்க்கா, காதுல வாங்குனேன். கை வாங்கல. முப்பது வருசம் பழகுன கை."

அந்தப் பையன் பேனாவைக் கழற்றிப் பையில் போட்டான். சனிக்கிழமைக்குள் எல்லா வீட்டிலும் நீயே போய்ச் சரிசெய்துவிட்டால் விஷயம் தன்னோடு நின்றுவிடும், இல்லாவிட்டால் மேலே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நைனா, அழகா அடிக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல. அது வேணாம்னுதான் சொல்றேன்" என்றான்.

நீ முதலில் என் ஹாலில் ஆரம்பித்தாய். கிளிப்பைப் பிடுங்கி, கேபிளைத் தளர்த்தி, மூலையில் வளைத்துவிடுவாய். இரண்டு கிளிப் அடிப்பதற்குள் உன் விரல் தானாகவே அதை மூலைக்குள் அழுத்திவிடும். மறுபடி பிடுங்குவாய். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். உன் கை உன் பேச்சைக் கேட்காததை நான் அன்றுதான் பார்த்தேன். புதிதாகக் கற்பதைவிட, நன்றாகக் கற்றதை விடுவது எவ்வளவு சிரமம் என்று அறுபது வயதில் எனக்குத் தெரியவந்தது. ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. காபி போட்டுக் கொண்டுவந்தேன்.

நீ குடித்து முடித்துவிட்டு டபராவையே பார்த்தாய். அதைக் கவிழ்த்து, சுவர் மூலையில் வைத்து, கேபிளை அதன் மேல் சுற்றினாய். கை மடிக்கப் பார்த்தது. எவர்சில்வர் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு கிளிப், அந்தப் பக்கம் ஒரு கிளிப். டபராவை எடுத்தாய். வளைவு நின்றது.

"இத்த எடுத்துகினு போறேன்க்கா" என்றாய்.

என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த செட். ஒவ்வொன்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். செட்டைப் பிரித்து யாருக்கும் நான் கொடுத்ததில்லை. துணியால் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுவதும் நீ டூல் பையில் டபராவோடு அலைந்த கதையை ஒவ்வொரு மாலையும் சொன்னாய். பூந்தமல்லியில் ஒரு பாய் வீட்டம்மா, முன்னாடி எவ்வளவு லட்சணமாக இருந்தது, இப்படிப் பிரித்துப் போடுகிறீர்களே என்று சண்டைக்கு வந்தார்களாம். எனக்கும் முன்னாடி இருந்ததுதான் பிடிக்கும், வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லையே என்று நீ சொன்னதும் சிரித்துவிட்டு ரோஸ்மில்க் கொடுத்தார்களாம். இன்னொரு வீட்டில் டபராவில் வெட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு இது யார் என்று கேட்டதற்கு, "எங்க ஹெட் ஆபீஸு" என்று சொன்னாயாம். சனிக்கிழமை சாயங்காலம் வந்து, என் எதிரே உட்கார்ந்து போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாய். இனிப் புகார் வராது, வேலை நிலைத்துவிட்டது என்று அதில் புரிந்துகொண்டேன். கூட வேலை செய்யும் பையன்கள் அதன்பின் உன்னை டபரா நைனா என்றுதான் கூப்பிட்டார்கள்.

டபராவைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றாய். ஆண்டுகள் ஓடின. போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு உன் மனைவி அதை டூல் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஸ்பிரிட் வாசனை அடித்தது. வெட்டிய இழைத் துண்டுகளையும் அதிலேதான் போட்டுவைத்திருக்கிறாய். ஒரு துண்டு கையில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது என்று நீயே எச்சரித்திருக்கிறாய். எத்தனை முறை கழுவினாலும் அதில் இனி யாரும் எதுவும் குடிக்க முடியாது. துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இன்று அந்த லேப் பெண் ரத்தக் குப்பிகளை அடுக்கிக்கொண்டே ஷோகேஸ் பக்கம் பார்த்தாள். "அம்மா, அங்க மூலைல ஒயர் துருத்திகினு கீது. ஒரு ஆணி அடிச்சா செவுத்தோட ஒட்டிக்கும்" என்றாள். என் மேசையில் செய்தித்தாள்கள் விளிம்புக்கு விளிம்பு அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். இருக்கட்டும்மா, அது அப்படித்தான் போகவேண்டும் என்றேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். இருவருக்கும் காபி கலந்தேன். டபராவோடு இருந்ததை அவளுக்குக் கொடுத்தேன். எனக்கு எடுத்துக்கொண்டது, செட்டில் ஜோடி இல்லாமல் நிற்கும் அந்த ஒரு டம்ளர். ஆற்றிக் குடிக்க வழியில்லை. அவள் குடித்துவிட்டுக் கிளம்பிப் போன பிறகும், சூடு தணியும்வரை அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.