எல்லோருக்கும் அம்மா என்று போன மின்னஞ்சல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இந்த வாரம் ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் வாடிக்கையாளர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்து மின்னஞ்சல் அனுப்பும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். கணினியில் இருக்கும் விவரங்களிலிருந்து அவரவர் பெயர் அவரவர் மின்னஞ்சலில் தானாக விழ வேண்டும். சோதித்துப் பார்க்கும்போது, உங்கள் நினைப்பில், பெயர் வரும் இடத்தில் "அம்மா" என்று அடித்து, "சாப்பிட்டீங்களா?" என்றும் சேர்த்திருந்தேன். அதை மாற்ற மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். ஊரே எனக்கு அம்மாவாகிவிட்டது!

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மானம் போச்சு. இனி எவன் நம்ம கடைக்கு வருவான்? நாளைக்கு நீயும் வராத" என்றார். ஆனால் கொஞ்ச நேரத்தில், "சாப்பிட்டேன் கண்ணு, நீ சாப்பிட்டியா?" என்று பதில்கள் வரத் தொடங்கின. சாயங்காலம் கடா மீசை வைத்த லாரி டிரைவர் ஒருவர் உள்ளே நுழைந்து, "என்னை அம்மான்னு கூப்பிட்ட புள்ள யாரு? கண்ணைக் காட்ட வந்திருக்கேன்" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த தடவ பேர மட்டும் சரியாப் போடு. சாப்பிட்டீங்களாங்கறது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சின்ன உதவி அம்மா. அலாரம் அடித்தாலும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "எந்திரிடா" என்று உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள். கொஞ்சிச் சொல்ல வேண்டாம், வழக்கம்போல் திட்டியே சொல்லுங்கள்.

பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்