ஞானஸ்நானம் எந்தக் கோயிலில்?

12.9.1998, சனி

என்னங்க, அப்பா வருகிறாரே என்று மாதா படத்தைக் கழற்றி பீரோவில் வைத்தது என் தப்புதான். மறுபடி மாட்டிவிட்டேன்.

நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன். பாப்பா பக்கத்து வீட்டு ரூபி அக்காவிடம். அப்பாவுக்குக் குழம்பைச் சூடு பண்ணிப் போடுங்கள். "வேதத்துல எங்க கீது, காட்டுங்க மாப்ள" என்று அவர் ஆரம்பித்தால், "அந்த வேதத்தயே எங்க திருச்சபைதான் தொகுத்துக் குடுத்துச்சு மாமா" என்று நீங்கள் கிளம்பாதீர்கள். போன வாரம் நீங்கள் கத்தியதில் பாப்பா அழுதது இருவர் காதிலும் விழவில்லை.

ஞானஸ்நானம் எங்கே கொடுத்தாலும் செல்லும் என்று உங்கள் கத்தோலிக்கச் சாமியாரும் எங்கள் லுத்தரன் சபைப் போதகர் ஐயருமே சொல்லிவிட்டார்கள். நீங்கள் இருவர்தான் பாக்கி. ஏழு மாதமாகியும் பிள்ளைக்குப் பெயரில்லை.

பி.கு.: சரியா தப்பா என்று யோசித்து அலுத்துவிட்டேன். நாளை பூசை முடிந்ததும் சாமியாரிடமும், ஆராதனை முடிந்ததும் ஐயரிடமும் நானே தேதி கேட்கப் போகிறேன். எது முன்னால் வருகிறதோ, அங்கேதான்.